மருந்து கொடுத்த பிறகும் குடற்புழு ஏன் திரும்புகிறது? பெரிய முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கான விளக்கம்

பத்தாயிரம் முட்டைக்கோழிகள் உள்ள கொட்டகை. செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தால் குடல் நிறைய வெள்ளைப் புழுக்கள். உடனே மொத்தக் கூட்டத்துக்கும் புழு மருந்து போகிறது. இரண்டு நாளில் எச்சத்தோடு புழுக்கள் வந்து விழுகின்றன, வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு கோழியை அறுத்தால் அதே புழு, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்.

மருந்து போலியா, அளவு போதவில்லையா, புழு மருந்துக்குப் பழகிவிட்டதா என்று கேள்விகள் எழும். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு. ஒரு கொட்டகையின் புழுக்களில் கோழியின் வயிற்றுக்குள் இருப்பவை ஒரு பங்கு மட்டுமே. மீதி, புழு முட்டைகளாகக் கூளத்தில் (கொட்டகைத் தரையில் பரப்பும் உமி, மரத்தூள் போன்றவற்றில்) கிடக்கிறது. மருந்து அங்கே எட்டாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மருந்து, எத்தனை நாள், எப்போது என்பதெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வரும்.

முதலில், எந்தப் புழு?

"குடற்புழு" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். முட்டைக்கோழிக்கு முக்கியமானவை நான்கு வகை.

1. பெரிய உருண்டைப் புழு (அஸ்காரிடியா). சிறுகுடலில் வாழும். பெண் புழு 7 முதல் 12 செ.மீ. வரை நீளும். அறுத்த குடலில் சேமியா போலக் கிடப்பது இதுதான். அதிகமானால் குடலையே அடைத்துவிடும். சில நேரம் எச்சத்துவாரம் வழியாக முட்டைக்குழாய்க்குள் ஏறி, கோழி முட்டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படி ஒரு முட்டை வாங்கியவர் கையில் உடைந்தால் பண்ணையின் பெயர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2. முட்டுக்குடல் புழு (ஹெட்டராகிஸ்). சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரட்டைப் பைபோல இருக்கும் முட்டுக்குடலில் வாழும். 1 முதல் 1.5 செ.மீ. நீளம்தான். இது நேரடியாகச் செய்யும் கெடுதல் குறைவு. ஆனால் இதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி பயணம் செய்கிறது. முட்டுக்குடலையும் ஈரலையும் தாக்கும் 'கருந்தலை நோய்'க்கு அதுவே காரணம். வான்கோழிகளை அது கொத்துக் கொத்தாகக் கொல்லும். முட்டைக்கோழியில் முட்டை உற்பத்தியைக் குறைத்து, சாவையும் கூட்டும்.

3. மயிர்ப்புழு (கேபில்லேரியா). தலைமுடி போல மெல்லியது. கண்ணுக்கு எளிதில் தெரியாது, அதனாலேயே தப்பிவிடும். குடல் சுவரைத் துளைத்து வாழ்வதால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கோழியை மெலிய வைக்கும்.

4. நாடாப்புழு. ரெய்லிடினா வகைகள் 25 செ.மீ. வரை வளரும். கோழியிலிருந்து கோழிக்கு நேராகப் பரவாது. நடுவில் எறும்பு, வண்டு, ஈ, நத்தை போன்ற ஏதாவது ஓர் உயிர் வேண்டும். கோழி அதைத் தின்றால்தான் புழு தொற்றும்.

இந்த வேறுபாடு ஏட்டு அறிவு என்று ஒதுக்கக் கூடாது. உருண்டைப் புழுவை நன்றாக நீக்கும் மருந்து ஒன்று நாடாப்புழுவை அசைக்கக்கூட மாட்டாது. என்ன புழு என்று தெரியாமல் வாங்கும் மருந்து பாதி நேரம் வீண்செலவு.

புழுவின் நாட்காட்டி

பெரிய உருண்டைப் புழுவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பெண் புழு இடும் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. வந்தவுடன் அவற்றால் தொற்று உண்டாகாது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் 10 முதல் 20 நாளில் உள்ளே இளம்புழு உருவாகி, அந்த முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வரும். குளிரில் வளர்ச்சி நின்றுபோகும், ஆனால் முட்டை சாகாது. அதன் ஓடு தடிமனானது. வழக்கமான கிருமிநாசினிகள் பெரும்பாலும் அதைத் துளைப்பதில்லை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

கோழி கூளத்தைக் கிளறி அதைக் கொத்தி விழுங்குகிறது. வயிற்றில் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவருகிறது. முதல் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் குடலுக்குள் மேலோட்டமாக இருக்கும். அப்புறம் குடல் சுவருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஏறக்குறைய பத்து நாள் தங்கும். குடலுக்குப் பெரிய சேதம் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு மீண்டும் வெளியே வந்து, வளர்ந்து, விழுங்கிய நாளிலிருந்து 5 முதல் 8 வாரத்தில் தானே முட்டையிடத் தொடங்கும்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த பண்ணைக்குத் திரும்புவோம். மருந்து கொடுத்த நாளில் கோழிக்குள் வளர்ந்த புழு, வளரும் புழு, குடல் சுவருக்குள் இருக்கும் இளம்புழு எல்லாமே கலந்து இருந்தன. பழைய மருந்துகள் சில வளர்ந்த புழுவை மட்டுமே தள்ளும். சுவருக்குள் இருந்தவை தப்பித்து, மூன்று நான்கு வாரத்தில் முழுப் புழுக்களாகிவிடும். கூடவே, மருந்து கொடுத்த மறுநாளே கோழி கூளத்திலிருந்து புதிய முட்டைகளை விழுங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு மாதத்தில் அதே காட்சி தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. நாட்கணக்கு அப்படி.

கூண்டும் கூளமும்

கூண்டு முறையில் எச்சம் கம்பிக்கு அடியில் விழுந்துவிடுகிறது. கோழி அதைத் தொடாது. அதனால் உருண்டைப் புழுவின் சுழற்சி பெரும்பாலும் அறுந்துபோகிறது. ஆனால் நாடாப்புழு கூண்டிலும் வரும், ஏனென்றால் ஈயும் வண்டும் கோழியைத் தேடித் தாமே வருகின்றன. கூண்டுக்கோழியில் நாடாப்புழு தெரிந்தால் அது ஈயோ வண்டோ பெருகியதற்கான அறிகுறி.

ஆழ்கூளம் (தரையில் கூளம் தடிமனாகப் பரப்பி வளர்ப்பது), பல அடுக்குக் கொட்டகை, மேய்ச்சல் முறை ஆகியவற்றில் கோழி தன் எச்சத்தோடுதான் வாழ்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜனவரி 1 முதல் பழைய வகைக் கூண்டுகள் தடைசெய்யப்பட்டன. கோழிகள் தரைக்கும் கூளத்துக்கும் திரும்பியபோது உருண்டைப் புழுவும் சேர்ந்தே திரும்பியது. கோழி நடமாட இடம் கிடைப்பது நல்லதுதான். அதற்கான விலைகளில் ஒன்று, குடற்புழுவை இனி ஒரு நிரந்தர வேலையாக எடுத்துக்கொள்வது.

மருந்து தேவையா என்று எப்படித் தெரியும்?

வெளிறிய கொண்டை, கூட்டத்தில் எடை ஏறுமாறாவது, மஞ்சள் கரு வெளுப்பது, தீவனம் அப்படியே இருக்க முட்டை குறைவது, கழிச்சல். இவை குடற்புழுவைக் காட்டலாம், வேறு பத்து நோய்களையும் காட்டலாம். எனவே அறிகுறியை மட்டும் நம்பி மருந்து வாங்குவது சரியில்லை. நம்பத்தக்க வழிகள் இரண்டு.

முதலாவது, எச்சப் பரிசோதனை. கொட்டகையின் பல இடங்களிலிருந்து குறைந்தது இருபது புதிய எச்சங்களை எடுத்துக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை புழு முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். குடலிலிருந்து வரும் சாதாரண எச்சத்தையும், முட்டுக்குடலிலிருந்து வரும் பழுப்பான பிசுபிசுப்பு எச்சத்தையும் தனித்தனியே எடுப்பது நல்லது. அஸ்காரிடியாவின் முட்டையும் ஹெட்டராகிஸின் முட்டையும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் காரணம். இரண்டு முனையிலும் மூடி வைத்ததுபோல எலுமிச்சை வடிவில் தெரிந்தால் அது மயிர்ப்புழுவின் முட்டை. நாடாப்புழுவை இந்தச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது, அறுத்துப் பார்ப்பது. கூட்டத்தில் புழுக்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான புழுக்களைச் சில கோழிகளே சுமக்கும். அதனால் ஒரே ஒரு செத்த கோழியை வைத்து மொத்தத்தையும் முடிவு செய்யக் கூடாது. அது மிக மோசமான கோழியாக இருந்திருக்கலாம். நலிந்தது, நடுத்தரம், நல்லது என்று நான்கைந்து கோழிகளைப் பார்த்தால் உண்மை நிலை தெரியும்.

மருந்துகள் என்ன செய்கின்றன?

1. பைபரசின். புழுவின் தசையைத் தளர்த்திச் செயலிழக்க வைக்கிறது. பிடி விட்ட புழுவைக் குடலின் அசைவே வெளியே தள்ளிவிடும். வளர்ந்த அஸ்காரிடியாவுக்கு மிக நல்ல மருந்து. இளம்புழுவுக்கும் முட்டுக்குடல் புழுவுக்கும் பலன் குறைவு. மயிர்ப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் இல்லை என்றே சொல்லலாம். எச்சத்தில் புழு விழுவது கண்ணுக்குத் தெரிவதால் இதன் மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் விழுந்ததைத்தான் நாம் பார்க்கிறோம், உள்ளே தங்கியது தெரிவதில்லை.

2. லெவாமிசோல். இது எதிர்வழியில் வேலை செய்கிறது: புழுவின் தசையை இறுக்கி முடக்குகிறது. மேலே பட்டியலிட்ட முதல் மூன்று புழுக்களுக்கும், மயிர்ப்புழு உட்பட, பலன் உண்டு. அளவு கூடினால் கோழிக்கு ஆபத்து வரும் எல்லை, அடுத்து வரும் மருந்துகளைவிடக் குறுகலானது.

3. ஃபென்பெண்டசோல், ஃப்ளூபெண்டசோல். இரண்டும் பென்சிமிடசோல் குடும்பம். புழுவின் செல்லுக்குள் சத்தைக் கடத்தும் நுண்குழாய்கள் உருவாவதைத் தடுக்கின்றன. புழு உடனே விழாது, மெல்லப் பட்டினியில் சாகும். அதனால்தான் ஒரே நாளில் முழு அளவையும் கொடுப்பதைவிட, பல நாள் தொடர்ந்து சிறு அளவில் கொடுப்பது இந்த மருந்துகளுக்குப் பொருந்துகிறது. தண்ணீரில் தரும் ஃபென்பெண்டசோல் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1 மி.கி. வீதம் 5 நாள். தீவனத்தில் தரும் ஃப்ளூபெண்டசோல் ஒரு டன்னுக்கு 30 கிராம் வீதம் 7 நாள். மூன்றாம் நாள் "புழு ஒன்றும் விழவில்லையே" என்று நிறுத்துவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

4. நாடாப்புழுவுக்கு பிராசிகுவாண்டல் நன்றாக வேலை செய்யும். ஆனால் முட்டையிடும் கோழிக்கு அதைக் கொடுக்கப் பல நாடுகளில் அனுமதி இல்லை. ஈ, வண்டு, எறும்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தாமல் கொடுத்தாலும் சில வாரத்தில் புழு திரும்பும்.

இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் சமயத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் வளரும் இறகு பழுதாகலாம். அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

எடைதான் கணக்கின் அடிப்படை

பெரிய கூட்டத்தில் ஒவ்வொரு கோழியின் வாயிலும் மருந்து ஊற்ற முடியாது. தண்ணீரும் தீவனமுமே வழி. அங்கே கணக்கு பிசகினால் முழுச் சிகிச்சையும் பிசகும்.

கோழிகள் 10,000, சராசரி எடை 1.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை 16,000 கிலோ. ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 16,000 மி.கி., அதாவது 16 கிராம். ஒரு மி.லி.க்கு 200 மி.கி. உள்ள மருந்தாக இருந்தால் நாளைக்கு 80 மி.லி., ஐந்து நாளைக்கு 400 மி.லி.

இந்தக் கூட்டத்தின் உண்மையான எடை 1.9 கிலோ என்று வையுங்கள். தேவை 19 கிராம், கொடுத்ததோ 16. ஒவ்வொரு கோழிக்கும் ஆறில் ஒரு பங்கு மருந்து குறைந்துவிட்டது. குறைந்த அளவில் பிழைத்த புழுக்களே அடுத்த தலைமுறையைப் பெருக்கும். ஆகவே சிகிச்சைக்கு முன் கொட்டகையின் வெவ்வேறு பகுதிகளில் நூறு கோழிகளையாவது எடைபோடுவது வீண் வேலை ஆகாது.

இன்னொரு பிழை, மருந்தை "இத்தனை லிட்டருக்கு இவ்வளவு" என்று மட்டும் நினைவில் வைப்பது. மேலே உள்ள கூட்டம் சாதாரண நாளில் 2,000 லிட்டர் குடிக்கும் என்று கொண்டால் லிட்டருக்கு 8 மி.கி. வரும். வெயில் ஏறி 3,000 லிட்டர் குடித்தால் உள்ளே போவது 24 கிராம். குளிர்ந்து 1,500 லிட்டராகக் குறைந்தால் 12 கிராம். எனவே அன்றைய மருந்தின் மொத்த அளவை எடையை வைத்து முடிவு செய்துகொண்டு, முந்தைய நாள் தண்ணீர் மீட்டரைப் பார்த்து அதைப் பிரித்துக் கலக்க வேண்டும்.

தீவனக் கணக்கு எளிது. கோழிக்கு 110 கிராம் வீதம் நாளைக்கு 1.1 டன், 7 நாளைக்கு 7.7 டன். டன்னுக்கு 30 கிராம் என்றால் மொத்தம் 231 கிராம் மருந்து. 5 சதவீத பிரீமிக்ஸ் (மருந்தை முன்கூட்டியே கலந்து விற்கும் பொடி) என்றால் டன்னுக்கு 600 கிராம் பிரீமிக்ஸ். அதை நேராக ஒரு டன்னில் கொட்டாமல், முதலில் சில கிலோ தீவனத்தில் நன்றாகக் கலந்து, பிறகு பெரிய கலவையில் சேர்ப்பதுதான் சரியான முறை. தீவனத் தொட்டியில் பழைய தீவனம் மிஞ்சியிருந்தால் முதல் நாள் மருந்து கோழிக்கே போகாது. ஏழு நாள் என்று நாம் எண்ணியது ஆறாகிவிடும்.

தண்ணீரில் கரையாத மருந்து

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஃபென்பெண்டசோல் தண்ணீரில் கரையாத பொருள். கோழிக்கான குடிநீர் மருந்தில் அதை மிக நுண்ணிய துகள்களாக அரைத்து, மிதந்து நிற்கும்படி தயாரித்திருப்பார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாயில் ஊற்றும் மருந்தை வாங்கித் தொட்டியில் கலந்தால் அது அடியில் படிந்துவிடும். குழாயின் தொடக்கத்தில் உள்ள கோழிகளுக்கு ஓர் அளவு, கடைசியில் உள்ளவற்றுக்கு வேறு அளவு. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளும் அடைத்துக்கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருந்துத் தண்ணீரை வேகமாகக் குடிக்க வைப்பதற்காகக் கோழிகளை மணிக்கணக்கில் தாகத்தில் விடும் பழக்கமும் உண்டு. முட்டையின் பெரும்பகுதி தண்ணீர். உச்ச உற்பத்தியில் உள்ள கோழிக்குத் தண்ணீரை நிறுத்தினால், அதுவும் வெயிலில், புழுவால் வந்த நட்டத்தைவிடப் பெரிய நட்டம் வரும்.

இந்த நாட்களில் இட்ட முட்டையை விற்கலாமா?

இதற்குக் கோழி முட்டை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்கருவும் ஓடும் ஏறக்குறைய ஒரே நாளில் உருவாகிவிடும். மஞ்சள் கரு அப்படி வருவதில்லை. சுமார் பத்து நாளில், படலம் படலமாக வளர்கிறது. முட்டையிடும் கோழியின் உடலில் எந்த நேரத்திலும் வெவ்வேறு பருவத்தில் பல மஞ்சள் கருக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். கொழுப்பில் சேரும் மருந்தை இன்று கோழி உண்டால், அடுத்த பத்து நாளில் இடப்போகும் முட்டைகள் ஒவ்வொன்றிலும் அதன் மிச்சம் கொஞ்சமாவது படியலாம். மருந்தை நிறுத்திய மறுநாளே முட்டை சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் தவறு என்பது இதிலிருந்தே தெரியும்.

அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் விலக்குக் காலம் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்கள் முடியும்வரை முட்டையை மனிதர் உணவுக்கு அனுப்பக் கூடாது. சில மருந்துகளின் லேபிளில் முட்டைக்கு "0 நாள்" என்று இருக்கும். முட்டையில் மருந்தே இருக்காது என்று இதற்குப் பொருளில்லை. இருக்கும் மிச்சம் சட்டம் அனுமதித்த வரம்புக்குள் இருக்கும் என்றே பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டைக்கான அந்த வரம்பு, ஃப்ளூபெண்டசோலுக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், ஃபென்பெண்டசோலுக்கு 1,300 மைக்ரோகிராம். லேபிளில் சொன்ன அளவைக் கூட்டினாலோ நாளை நீட்டினாலோ அந்த "0" செல்லாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பைபரசினுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டைக்கான வரம்பு உண்டு. அமெரிக்காவிலோ உணவுக்காக முட்டையிடும் கோழிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. லெவாமிசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டைக்கு வரம்பே வகுக்கப்படவில்லை, அதனால் அங்கே முட்டைக்கோழிக்குக் கொடுக்க முடியாது. கோழிகளுக்கான மருந்து என்று எழுதியிருந்தால் போதாது. முட்டையிடும் கோழிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த முட்டையைச் சாப்பிடப் போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

மருந்து வேலை செய்ததா?

சிகிச்சைக்கு முன் ஒரு எச்சப் பரிசோதனை, சிகிச்சை முடிந்து 10 முதல் 14 நாளில் இன்னொன்று. புழு முட்டை எண்ணிக்கையில் 90 சதவீதமாவது குறையாமல் இருந்தால் எங்கோ கோளாறு. முதலில் எடைக் கணக்கையும் கலவையையும் சரிபார்க்க வேண்டும். அவை சரி என்றால் மருந்துக்குப் பழகிய புழு என்று சந்தேகிக்கலாம். வான்கோழியின் உருண்டைப் புழு ஃபென்பெண்டசோலுக்கு மசியாதது அமெரிக்காவில் ஏற்கெனவே நிரூபணமாகியிருக்கிறது. எனவே இது கற்பனை பயம் இல்லை.

இந்தச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு. முட்டையிடுவது வளர்ந்த புழு மட்டுமே. பைபரசின் கொடுத்து இரண்டு வாரத்தில் சோதித்தால் முடிவு மிக அழகாக வரும். குடல் சுவரில் இருந்த இளம்புழு அந்தக் கணக்கிலேயே வராது. ஐந்தாறு வாரம் கழித்து இன்னொரு முறை சோதித்தால்தான் முழுப்படம் கிடைக்கும்.

மருந்தை மாற்றுவது பற்றியும் ஒன்று. ஃப்ளூபெண்டசோலிலிருந்து ஃபென்பெண்டசோலுக்கு மாறுவது பெயர் மாற்றம்தான். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வழியில் வேலை செய்பவை. ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதற்கும் பழகியிருக்க வாய்ப்பு அதிகம்.

கூளத்தில் செய்ய வேண்டியது

சிகிச்சையின் போது கோழி வெளியேற்றும் புழுக்களின் வயிற்றிலும் முட்டைகள் இருக்கும். அவை தொற்றக்கூடிய நிலைக்கு வரக் குறைந்தது பத்து நாள் ஆகும் என்று மேலே பார்த்தோம். அந்தப் பத்து நாள்தான் பண்ணைக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மருந்து முடிந்த வாரத்திலேயே கட்டிபட்ட கூளத்தை, முக்கியமாகத் தண்ணீர்க் குழாய்களுக்கு அடியிலும் தீவனத் தட்டுகளைச் சுற்றியும் உள்ளதை, எடுத்துவிட்டுக் காய்ந்த கூளம் போட்டால் அடுத்த சுற்றின் பெரும்பங்கு குறைந்துவிடும். ஒழுகும் நிப்பிளைச் சரிசெய்வதும் புழு ஒழிப்பு வேலைதான். ஈரம் இல்லாத இடத்தில் முட்டை வளராது.

மேய்ச்சல் நிலம் உள்ள பண்ணையில் கொட்டகை வாசலை ஒட்டிய பகுதிதான் அதிகம் அசுத்தமாகும். அங்கே நீர் தேங்காமல் வைத்து, நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடலாம்.

ஒரு பேட்ச் முடிந்து கொட்டகை காலியானதும் கூளம் முழுவதையும் அகற்றித் தரையைச் சுரண்டிக் காயவிட வேண்டும். கிருமிநாசினி தெளிப்பு மற்ற நோய்களுக்கு உதவும், புழு முட்டைக்கு அதை நம்ப முடியாது. வெப்பமும் வறட்சியும் நேர் வெயிலும்தான் அதற்கு எதிரி. அகற்றிய கூளத்தைக் குவித்து நன்றாகச் சூடேறும்படி மக்க வைத்தால் முட்டைகள் சாகும். கொட்டகைக்குப் பக்கத்திலேயே பரப்பிவிட்டால் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் திரும்பி வந்துவிடும்.

சுத்தம் செய்த கொட்டகைக்கு வரப்போகும் வளர்கோழிகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காதவற்றை) முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும். அவை கூளத்தில் வளர்ந்தவை என்றால் புழுவோடு வர வாய்ப்பு உண்டு. மருந்து கொடுப்பதானால், வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே, வளர்ந்த கொட்டகையிலேயே முழு நாட்களும் கொடுத்து முடிக்க வேண்டும். புதுக் கொட்டகையில் இறக்கிய பிறகு கொடுத்தால், வெளியேறும் புழுவும் அதன் முட்டையும் விழுவது அந்தப் புதுக் கூளத்தில்தான்.